தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்

“டிரெய்லர் ஆடுகிறதா? நல்ல எடைபகிர்வு ஹிட்ச் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அப்புறம் ஆடவே ஆடாது.” வட அமெரிக்காவில் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வைத்தியம் வந்துவிடும். விற்கிறவர் சொல்கிறார். முகாமில் பக்கத்து மனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் சொல்கிறார். அவர்களிடம் கேட்டுக்கொண்டு டல்லஸிலும் டொரன்டோவிலும் இருக்கும் நம்மவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோவிட் காலத்தில் விமானமும் ஓட்டலும் வேண்டாம் என்று டிரெய்லர் வாங்கியவர்கள் ஏராளம். 2021இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகள் 6 இலட்சம் பொழுதுபோக்கு வாகனங்களைக் கடைகளுக்கு அனுப்பின. அவற்றில் பெரும்பங்கு இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள். வாங்கியவர்களில் பலர் அதற்கு முன் ஒரு சைக்கிள் தாங்கியைக்கூடக் காரின் பின்னால் மாட்டியிராதவர்கள். அவர்கள் கையில் முதலில் கிடைக்கும் பாடம் இது.

இந்தப் பாடம் பாதி பிழை. பிழையான அந்தப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது. எடைபகிர்வு ஹிட்ச், அதாவது டிரெய்லரை வண்டியோடு பூட்டும் ஒரு வகை இணைப்பு, நல்ல கருவிதான். அதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அது சரிசெய்யும் நோய் வேறு, டிரெய்லரின் வாலாட்டம் என்ற நோய் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்கு ஊட்டுகிறார்கள். அதோடு விடுவதில்லை. மருந்து வேலை செய்யாவிட்டால் அளவைக் கூட்டச் சொல்கிறார்கள்.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிக்கப் டிரக்கின் பின்புறம் ஒரு இரும்புப் பந்து. டிரெய்லரின் மூக்கு அதன்மேல் உட்காருகிறது. மூக்கு பந்தை அழுத்தும் எடையை அங்கே டங் வெயிட் என்கிறார்கள். நான் முன்பாரம் என்றே எழுதுகிறேன். பந்து பின்சக்கரத்துக்கும் பின்னால் துருத்திக்கொண்டு இருப்பதால், அதன்மேல் விழும் எடை பின்சக்கரத்தை அழுத்துவதோடு நிற்காமல் முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது. ஒரு கணக்குப் போடலாம். டிரக்கின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.7 மீட்டர், பின்அச்சிலிருந்து பந்துக்கு 1.6 மீட்டர், முன்பாரம் 360 கிலோ. இந்த 360 கிலோ பின்அச்சில் 516 கிலோவாக இறங்குகிறது. முன்அச்சிலிருந்து 156 கிலோவைப் பிடுங்கிவிடுகிறது. டிரக் பின்னால் குந்துகிறது, மூக்கு நிமிர்கிறது, இரவில் முன்விளக்கு எதிரே வருபவன் கண்ணில் அடிக்கிறது, ஸ்டியரிங் கனமில்லாமல் மிதக்கிறது, முன்சக்கரத்தின் பிரேக்குப் பிடிப்பு குறைகிறது.

இதற்குத்தான் எடைபகிர்வு ஹிட்ச். ஹிட்ச்சின் தலைப்பகுதியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, டிரெய்லரின் முக்கோணச் சட்டத்தோடு சங்கிலியாலோ தாங்கியாலோ கட்டப்படுகின்றன. ஸ்பிரிங் பார் என்று பெயர். அவற்றை இழுத்துக் கட்டும்போது டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே மேல்நோக்கி நெம்பும் விசை உண்டாகிறது. பின்அச்சில் குவிந்த எடையில் ஒரு பங்கு முன்அச்சுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லரின் அச்சுக்கும் போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. செங்குத்தாக இறங்கும் எடையை மூன்று அச்சுகளுக்கும் பங்கு போடுவது. வாலாட்டமோ பக்கவாட்டில் நடப்பது. டிரெய்லர் பந்தைச் சுற்றி இடமும் வலமுமாகத் திரும்புகிறது. மேலும் கீழும் நெம்புகிற கம்பி இடம் வலம் திரும்புவதை எப்படித் தடுக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள்.

வாலாட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூட்டை ஏற்றும்போதே வண்டிக்காரர் நுகத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே ஏறி மாட்டின் கழுத்தை நெரிக்கும். எந்த மூட்டை அச்சுக்கு முன்னால், எது பின்னால் என்று மாற்றி மாற்றி அடுக்கிய பிறகே வண்டி நகரும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும் வண்டிக்கே அந்தக் கவனம். மணிக்கு 110 கிலோமீட்டரில் மூன்று டன் வீட்டை இழுக்கிறவர்கள், பாரத்தை எங்கே வைத்தோம் என்பதை விட்டுவிட்டு ஹிட்ச்சின் விலைப்பட்டியலைப் புரட்டுகிறார்கள்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு பந்தின்மேல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த விதி. அதன் காரணம் பலருக்குத் தெரியாது. எடையின் மையம் டிரெய்லரின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒரு சின்ன ஆட்டம் தானாக அடங்கும். மையம் பின்னால் நகர நகர அடங்கும் தன்மை குறையும். வேகம் கூடக் கூடவும் அது குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். லாரி ஒன்று உரசிக்கொண்டு கடந்தால் போதும், பக்கக்காற்று ஒருமுறை அறைந்தால் போதும். எந்த ஜோடி டிரக்குக்கும் டிரெய்லருக்கும் அப்படி ஒரு எல்லை வேகம் உண்டு. அது 90இல் இருக்கிறதா 140இல் இருக்கிறதா என்பதைப் பாரம் ஏற்றிய விதமே பெரிதும் முடிவு செய்கிறது.

இதைக் காட்ட ஒரு செய்முறை உண்டு, பலர் பார்த்திருப்பீர்கள். உடற்பயிற்சிக்கான ஓடுதளம் போன்ற நகரும் பட்டையின்மேல் ஒரு பொம்மைக் காரும் அதன் பின்னால் ஒரு பொம்மை டிரெய்லரும் நிற்கும். டிரெய்லரில் சின்ன எடைக்கட்டிகள். கட்டிகள் முன்னால் இருக்கும்போது விரலால் டிரெய்லரைத் தட்டினால் இரண்டு முறை ஆடிவிட்டு நேராகிவிடும். பட்டையின் வேகத்தை மாற்றாமல், இணைப்பைத் தொடாமல், அதே கட்டிகளைப் பின்னால் நகர்த்திவிட்டு அதே போலத் தட்டுகிறார்கள். ஆட்டம் பெரிதாகி, காரையும் சேர்த்துச் சுழற்றிப் பட்டையிலிருந்து எறிந்துவிடுகிறது. அந்தப் பொம்மையில் எந்த ஹிட்ச்சும் மாறவில்லை. மாறியது பாரம் இருந்த இடம் மட்டும்.

நிஜ வாழ்வில் கட்டிகளைப் பின்னால் நகர்த்துவது யார்? நாமேதான். மேலே சொன்ன கணக்கையே தொடருவோம். டிரெய்லர் 3,000 கிலோ, முன்பாரம் 360 கிலோ, அதாவது 12 விழுக்காடு. பந்திலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கு 6 மீட்டர். நல்ல நிலைமை. முகாமில் தண்ணீர் கிடைக்காதே என்று வீட்டிலிருந்தே தொட்டியை நிரப்புகிறீர்கள், 190 லிட்டர். பல மாடல்களில் நன்னீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. 2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். முன்பாரத்தில் 63 கிலோ போய்விட்டது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று பின்பம்பரில் தாங்கி வைத்து மின்சைக்கிள்களை மாட்டுகிறீர்கள். தாங்கியும் சேர்த்து 80 கிலோ. இன்னும் 51 கிலோ போயிற்று. இப்போது முன்பாரம் 246 கிலோ, மொத்த எடை 3,270. விழுக்காடு ஏழரை. காலையில் நன்றாக இருந்த டிரெய்லர், ஒரு ரப்பர் குழாயும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து, மதியத்துக்குள் ஆபத்தானதாகிவிட்டது.

எடைபகிர்வு ஹிட்ச் இதைச் சரிசெய்யுமா? ஒரு கிலோவைக்கூட அது டிரெய்லருக்குள் முன்னால் நகர்த்தாது. எடையின் மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முன்பாரம் குறைந்தால் டிரக் பின்னால் குந்துவதும் குறையும். ஆகவே, “வண்டியும் டிரெய்லரும் ஒரே மட்டமாக நிற்கிறதா, அப்படியானால் எல்லாம் சரி” என்று முகாம் பெரியவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இருக்கிறதே, அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குவது முன்பாரம் போதாத டிரெய்லர்தான். பார்க்க அத்தனை அழகாக மட்டமாக நிற்கும்.

முன்பாரத்தைக் கூட்டிவிட்டால் போதுமே என்று சிலர் மூக்கின்மேல் ஒரு ஜெனரேட்டரை வைத்துவிட்டு, சைக்கிள்களைப் பின்னாலேயே விட்டுவிடுகிறார்கள். கணக்கு சரியாகும், டிரெய்லர் சரியாகாது. பாரம் இரு முனைகளிலும் இருந்தால், ஒருமுறை திரும்பத் தொடங்கிய டிரெய்லரை நிறுத்துவது கடினம். அந்த எதிர்ப்பு எடைக்கு ஏற்பக் கூடுவதோடு, அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. முன்னால் 5.4 மீட்டரில் 100 கிலோ, பின்னால் 3.8 மீட்டரில் 80 கிலோ என்று வைப்பதும், அதே 180 கிலோவை அச்சிலிருந்து ஒரு மீட்டருக்குள் தரையோடு வைப்பதும் எடையில் ஒன்று. சுழற்சியை நிறுத்த டயர்கள் படும் பாட்டில் அவை சேர்க்கும் பங்கு இருபது மடங்குக்கும் மேல் வேறு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் கேரவன்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின: முன்பாரம், பாரம் பரவியிருக்கும் விதம், அச்சின் இடம்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “நீர் சொல்வது பழைய சங்கிலி ஹிட்ச்சுக்குப் பொருந்தும். இப்போது வருபவற்றில் உராய்வு மூலம் ஆட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறதே?” உண்மை. ஸ்பிரிங் பார்கள் தாங்கியின்மேல் உரசிக்கொண்டு நகரும்படி செய்து, அந்த உராய்வால் திரும்புவதைக் கடினமாக்குகிறார்கள். சின்னச் சின்ன அசைவுகளை அது நன்றாக அடக்குகிறது. ஓட்டுகிறவருக்கு அலுப்புக் குறைகிறது. மறுக்கவில்லை. ஆனால் உராய்வின் குணம் என்ன? அதன் விசை ஏறக்குறைய மாறாதது. ஆட்டம் பெரிதானால் அது தானும் பெரிதாகாது. எல்லை வேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் டிரெய்லரில் சிறு தட்டலை உராய்வு விழுங்கிவிடும். பெரிய தட்டல் வந்தால் தோற்றுவிடும். அதாவது நாள் முழுக்க எதுவும் நடக்காது, ஓட்டுபவருக்குத் துணிவு வரும், வேகம் ஏறும், கடைசியில் வருகிற ஒரே ஒரு பெரிய காற்றில் எல்லாம் சேர்ந்து நடக்கும். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

தனியாகப் பூட்டும் உராய்வுத் தண்டுகளின் கையேட்டை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பின்னோக்கி எடுக்கும் முன் கழற்றிவிடு என்று இருக்கும். வழுக்கும் சாலையில் தளர்த்திவிடு என்றும் இருக்கும். மழையிலும் பனியிலும், டயரின் பிடிப்பு குறைந்து ஆட்டத்துக்கு வழி திறக்கும் வேளையில், விடுப்பில் போகும் காவல்காரனை நம்பித்தான் குடும்பத்தோடு கிளம்புகிறோம்.

ஹென்ஸ்லி ஆரோ போன்ற ஒரு வகை உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது உராய்வை நம்புவதில்லை. இணைப்புத் தண்டுகளின் அமைப்பால், டிரெய்லர் திரும்பும் புள்ளியையே பந்திலிருந்து டிரக்கின் பின்அச்சுப் பக்கம் முன்னால் கொண்டுபோய்விடுகிறது. நோயின் வேர்களில் ஒன்றைத் தொடுகிற வேலை. கனமும் அதிகம், விலையும் அதிகம். எடைபகிர்வு ஹிட்ச் வாங்குகிறவர்களில் மிகச் சிலரே அதை வாங்குகிறார்கள். அதன் நற்பெயரை மற்ற எல்லா ஹிட்ச்சுகளும் இலவசமாக அனுபவிக்கின்றன.

என்னைக் கோபப்படுத்துவது இனி சொல்லப்போவது. ஹிட்ச் மாட்டியும் டிரெய்லர் ஆடினால் அடுத்த ஆலோசனை என்ன தெரியுமா? “இன்னும் ஒரு கண்ணி இறுக்கிக் கட்டுங்கள்.” சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்துக் கட்டினால் ஸ்பிரிங் பார் இன்னும் வளையும், நெம்பும் விசை கூடும். விளைவு என்ன? அதே உதாரணத்தில், முன்அச்சு இழந்த 156 கிலோவையும் முழுக்க மீட்கும் அளவுக்கு இறுக்கினால், பின்அச்சின்மேல் கூடுதலாக நிற்பது 516 கிலோவிலிருந்து 284 கிலோவாகக் குறையும். 76 கிலோ டிரெய்லர் அச்சுக்குப் போகும். பாதியை மட்டும் மீட்டால் பின்அச்சில் 400 கிலோ நிற்கும். டிரெய்லர் பக்கவாட்டில் உதறும்போது அந்த உதறலைத் தாங்கி நிற்க வேண்டியவை டிரக்கின் பின்டயர்கள். அவற்றை நிலத்தோடு அழுத்தும் எடையைத்தான் இறுக்க இறுக்க எடுத்துவிடுகிறோம். முழு அளவையும் தாண்டி இறுக்கினால் முன்பக்கம், டிரெய்லர் இல்லாத காலத்தைவிடவும் கனமாகி, பின்பக்கம் லேசாகும். அந்த டிரக் ஈரச்சாலையில் அவசரமாகத் திரும்பும்போது பின்புறம் வழுக்கி, டிரெய்லரோடு மடிந்துபோக அணியமாக இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்துவதாக நினைத்து, ஆட்டத்தை எதிர்க்கும் கையைக் கட்டிப்போடுகிறார்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. முன்பு முன்புறத்தின் உயரத்தை முழுமையாக மீட்க வேண்டும் என்பதே பரவலான வழக்கம். இன்று ஃபோர்டு எஃப்-150 போன்ற டிரக்குகளின் வழிகாட்டிகள் பாதி மீட்டால் போதும் என்கின்றன. சில வாகனங்களுக்கு இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தடுத்திருக்கிறார்கள். வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ 2008இல் வெளியிட்ட ஜே2807 என்ற இழுவைத் தரத்தில், டிரெய்லரின் ஆட்டம் அடங்கும் விதத்துக்கு ஒரு சோதனையும், திருப்பத்தில் முன், பின் சக்கரங்களின் நடத்தைக்கு வேறொரு சோதனையும் தனித்தனியாக இருக்கின்றன. டொயோட்டாவின் 2011 டன்ட்ரா அதை முதலில் ஏற்றது. பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. பொறியாளர்களுக்கு இவை இரண்டு கேள்விகள் என்பது தெரிந்திருக்கிறது. கடை முற்றத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடை முற்றத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. புது டிரெய்லரை எடுக்கப் போகிறீர்கள். தொட்டி காலி, அலமாரி காலி, குளிர்பெட்டி காலி, சைக்கிள் இல்லை, குடும்பம் கூட வரவில்லை. பணியாளர் டிரெய்லரின் மூக்கைப் பந்தில் பூட்டி, ஜாக்கைச் சுழற்றி டிரக்கின் பின்புறத்தோடு சேர்த்துத் தூக்குகிறார். ஸ்பிரிங் பாரைச் சங்கிலியில் மாட்டி, ஐந்தாவது கண்ணியோ ஆறாவது கண்ணியோ, நெம்புகோலால் ஒரு தட்டு. ஜாக்கை இறக்குகிறார். நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். “மட்டமாக இருக்கிறது” என்று பெருவிரலைக் காட்டுகிறார். அளவு நாடா வெளியே வரவில்லை. டிரக்கின் கையேட்டை யாரும் திறக்கவில்லை. அந்தக் கண்ணி எண்ணை உங்களிடம் சொல்லி, என்றைக்கும் இதிலேயே மாட்டுங்கள் என்று அனுப்பிவைக்கிறார். அடுத்த மாதம் 600 கிலோ சாமானோடு நீங்கள் கிளம்பும்போதும் அதே கண்ணிதான்.

“இருபது வருடமாக இழுக்கிறேன், இந்த ஹிட்ச் போட்டதிலிருந்து ஒருமுறைகூட ஆடியதில்லை” என்பது இன்னொரு வாதம். இருக்கலாம். அவர் தன் டிரெய்லரை எப்படி ஏற்றுகிறார், எந்த வேகத்தில் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 95 கிலோமீட்டரைத் தாண்டாதவர், கனமான சாமானை அச்சின் மேல் வைக்கிறவர், காற்று அடித்தால் ஒரு நாள் தங்கிவிடுகிறவர். அவரைக் காப்பாற்றியது அந்த நிதானம். புகழை இரும்புக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறைக்கு இரும்பை மட்டும் சிபாரிசு செய்கிறார்.

ஐரோப்பாவைப் பாருங்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கோடைகாலத்தில் சாலை நிறையக் கேரவன்கள். அவற்றில் ஸ்பிரிங் பார் ஹிட்ச்சைக் காண்பது அரிது. அங்கே முன்பாரம் குறைவாகவே இருக்கும். பல கார்களுக்கு 100 கிலோவே எல்லை. அதனால் கார் குந்துவதில்லை. எடையைப் பங்கு போடவும் தேவையில்லை. ஆனால் வாலாட்டம் அங்கேயும் உண்டு. அதற்கு அவர்கள் தேடிய வழிகளே வேறு. கனமான சாமானை அச்சின் மேல் தரையோடு வை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனில் புதியவர்களுக்கு அறிவுரை. பந்தை இறுகப் பிடிக்கும் உராய்வுக் கொக்கி. ஆட்டம் கண்டால் கேரவனின் பிரேக்கைத் தானே அழுத்தும் மின்னணுக் கருவி. எல்லாவற்றுக்கும் மேலாக வேக வரம்பு: ஜெர்மனியில் மணிக்கு 80, தனி அனுமதி பெற்றால் 100, பிரிட்டனின் பெருஞ்சாலையில் 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர்.

வேகத்தைப் பற்றி அமெரிக்காவில் பேசுவது அநாகரிகம் போல ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல்தான் சட்டம், கிலோமீட்டரில் 88. மேற்கு டெக்ஸஸின் ஐ-10 சாலையில் எல்லை 80 மைல். டிரெய்லரோடு அங்கே 75இல் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம், கிலோமீட்டரில் 120. டயரின் பக்கத்தில் குறித்த வேக எல்லை என்ன, டிரெய்லரில் ஒட்டிய தாளில் காற்றழுத்தம் என்ன என்று அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? 88இலிருந்து 120க்குப் போனால் காற்றின் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆட்டத்தை அடக்கும் தன்மையோ எதிர்த்திசையில் தேய்கிறது. வயோமிங்கில் லேரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஐ-80இல் காற்று எகிறும்போது, எடை குறைந்த உயரமான வாகனங்களைச் சாலையிலேயே விடுவதில்லை. அந்த அறிவிப்புப் பலகையில், நல்ல ஹிட்ச் வைத்திருப்பவர்கள் போகலாம் என்று விதிவிலக்கு எழுதியிருப்பதை யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். எடைபகிர்வு ஹிட்ச் போட்டால் டிரக்கின் சுமைத்திறன் கூடிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஹிட்ச் பொருத்தும் சட்டத்துக்கு இரண்டு எண்கள் குறித்திருப்பார்கள், எடைபகிர்வோடு பெரிய எண், இல்லாமல் சிறிய எண். அது அந்தச் சட்டத்தின் கணக்கு. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சுமை எல்லை எதனாலும் மாறாது. ஹிட்ச்சே 40, 50 கிலோ இருக்கும். அதுவும் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். நால்வர் குடும்பம், நாய், பின்தட்டில் விறகு, அதோடு 360 கிலோ முன்பாரம் என்றால் பல அரைடன் டிரக்குகளின் எல்லை அங்கேயே முட்டிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் எடை பார்ப்பது. லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் தராசுகள் இருக்கின்றன. முன்அச்சு, பின்அச்சு, டிரெய்லர் என்று மூன்றையும் தனித்தனியே ஒரே சீட்டில் அச்சடித்துக் கொடுக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுதான். பயணம் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே போங்கள்: தண்ணீர், சைக்கிள், பிள்ளைகள் எல்லாம் உள்ளே. ஸ்பிரிங் பார் இறுக்கிய நிலையில் ஒருமுறை, அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒருமுறை. இரண்டாவது சீட்டில் டிரக்கின் மொத்த எடையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் முன்பாரம். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஹிட்ச்சைத் தொடாதீர்கள். கதவைத் திறந்து சாமானை மாற்றி அடுக்குங்கள். தொட்டியை முகாமுக்குப் பக்கத்தில் போய் நிரப்புங்கள். சைக்கிள்களை டிரக்கில் ஏற்றுங்கள். இதெல்லாம் செய்து முன்பாரம் 12, 13 விழுக்காட்டில் நின்ற பிறகுதான் ஹிட்ச்சின் முறை.

அதற்கும் கண்ணளவு கூடாது. மட்டமான தரையில், டிரெய்லர் மாட்டாத டிரக்கின் முன்சக்கர வளைவு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நாடாவால் அளந்து எழுதுங்கள். 95 என்று வையுங்கள். டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் பார் இல்லாமல் அளந்தால் 98. உங்கள் டிரக்கின் கையேடு பாதி மீட்கச் சொன்னால் இலக்கு 96.5. கண்ணியைக் கூட்டியோ குறைத்தோ, போதாவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வை மாற்றியோ, அங்கே நிறுத்துங்கள். முழுதும் மீட்கச் சொன்னால் 95. அதற்குக் கீழே மட்டும் ஒருபோதும் போகாதீர்கள். டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும்; மூக்கு நிமிர்ந்து நின்றால் பந்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும். டிரக்கின் பின்டயர்களிலும் டிரெய்லர் டயர்களிலும் காற்று, கையேடும் வண்டிகளில் ஒட்டிய தாள்களும் சொல்லும் அளவில். பாரம் மாறினால் இந்த அளவுகளும் மாறும். போன வருடத்துக் கண்ணி எண் இந்த வருடத்துக்கு உதவாது.

இத்தனைக்குப் பிறகும் சாலையில் ஆட்டம் வந்துவிட்டால், வேகத்தைக் கூட்டி நேராக்கு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆட்டத்துக்குத் தீனியே வேகம்தான். டிரக்கின் பிரேக்கையும் மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் துரத்தாதீர்கள். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கும் சின்ன நெம்பு டாஷ்போர்டில் இருக்கும். அதைக் கையால் அழுத்துங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி டிரெய்லர் நேராகும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பதைக் காலி மைதானத்தில் கண்ணை மூடித் தொட்டுப் பழகியிருக்க வேண்டும். ஆட்டம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. நின்ற பிறகு சாலையோரத்தில் கண்ணியை இறுக்காதீர்கள். பின்கதவைத் திறந்து, அச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தக் கோடையில் புதிதாக டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹிட்ச் எது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், நன்னீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் குனிந்து பாருங்கள். பின்னால் இருந்தால், நிறைந்த தொட்டியோடும் காலித் தொட்டியோடும் முன்பாரத்தை எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் ஹிட்ச்சும் வாங்காதீர்கள், டிரெய்லரும் வாங்காதீர்கள்.